காகிதம் உண்மை, வண்டி வேறு

கோன்செட் மாற்றத்தான் அந்த வண்டி என்னிடம் வந்தது. ஹேண்டில் தடையில்லாமல் திரும்புவதற்காக வண்டியின் கழுத்தில் இருக்கும் கிண்ணங்களும் குண்டுகளும்தான் கோன்செட். பழைய டிரையம்ப் போனவில் மோட்டார் சைக்கிள், 650 சிசி, இரட்டை சிலிண்டர். வாங்கி 3 வாரம்தான் ஆகியிருந்தது. "ஹேண்டிலைத் திருப்பினா நடுவுல ஒரு இடத்துல பிடிக்குதுண்ணே, அதை மட்டும் பார்த்துடுங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான் தம்பி. கூடப் பிறந்தவன் இல்லை. பல வருடப் பழக்கத்தில் தம்பி ஆனவன். கல்லூரிக் காலத்திலிருந்து அவன் ஆசைப்பட்ட மாடல் அது.

பழைய வண்டிகளைப் பிரித்துக் கட்டுவது என் தொழில். எந்த வண்டி வந்தாலும் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பு சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் நோட்டில் எழுதிவிடுவேன். இந்த மாடலில் சேசிஸ் நம்பர் இருப்பது கழுத்துக் குழாயின் இடப்பக்கம், அதாவது கோன்செட் உட்காரும் அந்தக் குழாயிலேயே. கிரீஸைத் துணியால் துடைத்தேன். வழவழவென்று கறுப்புப் பெயிண்ட்தான் தெரிந்தது. நம்பரைக் காணவில்லை.

டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. குழாயோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தேன். வட்டமாக இருக்க வேண்டிய குழாய் ஒரு கட்டைவிரல் நீளத்துக்குத் தட்டையாக இருந்தது. சிறிய காந்தத்தை வைத்து நகர்த்தினேன். மற்ற இடங்களில் 'டக்'கென்று ஒட்டிய காந்தம் அந்த இடத்தில் மட்டும் வழுக்கியது. உள்ளே பட்டி அடைத்திருந்தார்கள். கிரைண்டரால் தேய்த்து, பள்ளத்தை நிரப்பி, மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

அதற்கு மேல் வேலையை ஓட்டவில்லை. தம்பிக்கு போன் செய்து பத்திரங்களோடு வரச் சொன்னேன். அதன் பிறகு 7 மாதம் நடந்ததை அவன் சம்மதத்தோடுதான் இங்கே எழுதுகிறேன். யாரையும் அடையாளம் காட்டும் விவரம் எதையும் சேர்க்கவில்லை.

அவன் விசாரித்துத்தான் வாங்கினான்

இதை முதலிலேயே சொல்ல வேண்டும். கதையைக் கேட்டவர்கள் எல்லோரும் "பார்த்து வாங்கக் கூடாதா?" என்றுதான் கேட்டார்கள். அவன் பார்த்துத்தான் வாங்கினான். பதிவுப் பத்திரத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து நீரோட்டக் குறி இருக்கிறதா என்று பார்த்திருக்கிறான். பத்திரத்தில் இருந்த நம்பரைத் திருட்டு வண்டிப் பட்டியலில் தேடியிருக்கிறான், வரவில்லை. கடன் பாக்கி உண்டா என்று தேடியிருக்கிறான், இல்லை. இன்ஜினில் பொறித்திருந்த நம்பரையும் பத்திரத்து நம்பரையும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்திருக்கிறான், சரியாக இருந்தது.

இரண்டு இடங்களில்தான் அவனுக்கு லேசாக உறுத்தியிருக்கிறது. ஒன்று, சேசிஸ் நம்பர். "பவுடர் கோட்டிங்கில் மூடிப்போச்சு, சுரண்டினா தெரியும், ஆனா பெயிண்ட் கெட்டுப்போகும்" என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். இரண்டு, பத்திரம் விற்றவர் பெயரில் இல்லை. முன்பு வைத்திருந்தவர் கையெழுத்துப் போட்டு, வாங்குபவர் பெயரையும் தேதியையும் காலியாக விட்டிருந்தார். "நண்பரோடது, அவருக்கு நேரமில்ல, நீங்களே உங்க பேரை எழுதிக்கங்க" என்று விளக்கம்.

இரண்டும் நம்பக்கூடிய விளக்கங்கள்தான். பவுடர் கோட்டிங் என்பது பொடியைச் சூட்டில் உருக்கிப் பூசும் பெயிண்ட், அது உண்மையிலேயே ஆழமில்லாத பொறிப்பை நிரப்பிவிடும். மணல் வீச்சில் சுத்தம் செய்யும்போதும் விளிம்புகள் மழுங்கும். நானே பார்த்திருக்கிறேன். நடுவில் ஒருவர் தன் பெயருக்கு மாற்றாமலே கை மாற்றி விடுவதும் எங்கும் நடக்கிறது. ஆனால் இரண்டு விளக்கங்களும் ஒரே ஆளிடமிருந்து வந்தால், ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்கக் கூடாது. சேசிஸில் நம்பர் இல்லாததால் வண்டி யாருடையது என்று தெரியாது. பத்திரத்தில் இடைக்காரர் பெயர் இல்லாததால் விற்றவர் யார் என்றும் தெரியாது. இரண்டும் சேரும்போது எதிரே நிற்பவரைப் பிடித்துக் கேட்க ஒரு பிடியும் மிஞ்சுவதில்லை.

இன்ஜின் சொன்னது

பத்திரத்தின்படி அது 1965 மாடல். நம்பர் டி, யு என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கியது. அந்தக் கால 650 டிரையம்ப்களுக்கு அது சரியான முன்னெழுத்துதான். 1969 மாடல் வரிசையில் தொழிற்சாலை முறையை மாற்றியது. முதல் எழுத்து மாதத்தையும் இரண்டாம் எழுத்து வருட வரிசையையும் குறிக்கும்படி ஆனது.

இன்ஜினில் நம்பர் இருப்பது இடப்பக்கக் கிராங்க் கேஸில், அதாவது இன்ஜினின் அடிப்பக்கக் கூட்டில், சிலிண்டர் உட்காரும் இடத்துக்குச் சற்றுக் கீழே. அங்கே மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். எழுத்துகள் நேர் வரிசையில் நிற்கவில்லை. 6 சற்று மேலே ஏறியிருந்தது. அதை வைத்து மட்டும் ஒன்றும் சொல்லிவிட முடியாது. தொழிற்சாலையிலும் கையால் அடித்ததுதான், கோணல் சகஜம். டார்ச்சைச் சாய்த்தபோதுதான் வயிறு கலங்கியது. எண்களுக்கு இடையே, நம்பர் அடித்திருந்த மேட்டின் ஓரத்தில், பொடிப்பொடியாக ஏதோ ஒரு வடிவம் மறுபடி மறுபடி வந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். டிரையம்ப் சின்னம், பாதி தேய்ந்த நிலையில்.

1960களின் கடைசியில்தான் தொழிற்சாலை அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. நம்பர் அடிக்கும் மேட்டில் சின்னத்தைச் சிறுசிறு புடைப்புகளாக வரிசை வரிசையாக வார்த்து, அதன் மேல் நம்பரை அடித்தார்கள். நம்பரை ராவினால் பின்னணிச் சின்னங்களும் சேர்ந்து அழியும், பார்த்தவுடன் தெரிந்துவிடும் என்பது கணக்கு. 1965இல் செய்த கிராங்க் கேஸில் அது இருக்க வழியில்லை. ஆக, பின்னால் வந்த ஒரு கிராங்க் கேஸை யாரோ ராவி, 1965 பத்திரத்தில் இருந்த நம்பரை அதில் அடித்திருக்கிறார்கள்.

முன்பிரேக் 1968இல் வந்த வகை. மின்சுற்று 12 வோல்ட், அதுவும் இந்த மாடலுக்கு 1966 முதல்தான். அவற்றை நான் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய வண்டிக்காரர்கள் நல்ல பிரேக் கிடைத்தால் மாற்றிப் போடத்தான் செய்வார்கள். ஆனால் நம்பர் அடித்த மேட்டை யாரும் வசதிக்காக மாற்றுவதில்லை.

தம்பி இன்ஜின் நம்பரும் பத்திர நம்பரும் ஒத்துப்போனதை நம்பிக்கைக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டான். அது ஒத்துப்போகத்தான் செய்யும். பத்திரத்தைப் பார்த்து அடித்த நம்பர் அது. அவன் செய்த தேடல்கள் எல்லாமே பத்திரம் உண்மையா என்ற கேள்விக்குத்தான் பதில் சொல்லின. பத்திரம் உண்மைதான். அந்தப் பத்திரம் இந்த இரும்புக்கு உரியதா என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை.

நம்பர் இல்லை என்றாலே திருட்டா?

அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. விபத்தில் சேசிஸ் வளைந்தால் தொழிற்சாலையே மாற்றுச் சேசிஸ் விற்றதுண்டு, பல சமயம் நம்பர் இல்லாமலே. பழைய நம்பரை அதில் அடித்து, பழைய சேசிஸை வெட்டிப் போட வேண்டும் என்பது முறை. வெற்றுக் கிராங்க் கேஸும் அப்படித்தான் உதிரிபாகமாக வந்தது. ரசீது இருந்தால் அது நேர்மையான வண்டி.

இரண்டு நம்பரும் ஒன்றாக இல்லை என்றாலும் உடனே சந்தேகப்பட வேண்டியதில்லை. இந்த டிரையம்ப்களில் இரண்டும் ஒன்றாகவே தொழிற்சாலையை விட்டு வந்தன. 1969இல் வந்த ஹோண்டா சிபி750இல் இரண்டும் தனித்தனி வரிசை, ஒத்துப்போனால்தான் ஆச்சரியம். ஹார்லி டேவிட்சன் 1970க்கு முன்பு சேசிஸில் வண்டி எண்ணே அடிக்கவில்லை, இன்ஜின் நம்பர்தான் வண்டியின் அடையாளம். 1968 ஹார்லியின் கழுத்தில் நம்பரைத் தேடிக் காணாமல் பயந்து போகிறவர்களும் உண்டு, அங்கே ஒரு நம்பரைக் கண்டு நிம்மதி அடைகிறவர்களும் உண்டு. பயப்பட வேண்டியது இரண்டாமவர்தான். வாங்கப் போகும் மாடலில் நம்பர் எங்கே, எந்த வடிவில், எத்தனை இடத்தில் இருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால்தான் அது இல்லாதது கண்ணில் படும்.

ஆனால் அந்த நேர்மையான காரணங்களில் எதுவும் கிரைண்டரையும் பட்டியையும் விளக்காது. மாற்றுச் சேசிஸில் ராவுவதற்கு ஒன்றும் இருக்காது.

புது வண்டிகளில் இந்தத் தலைவலி இல்லை என்று சொல்பவர்களுக்காக இதையும் சொல்கிறேன். 1977இல் சர்வதேசத் தர அமைப்பு ஐஎஸ்ஓ 3779 என்ற தரத்தைக் கொண்டுவந்தது. வண்டி எண் 17 இடம் கொண்டது, ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் அதில் வராது, 1, 0 ஆகியவற்றோடு குழம்பும் என்பதால். அமெரிக்காவில் 1981 மாடல் வருடத்திலிருந்து இது கட்டாயம். அங்கே ஒன்பதாம் இடம் சரிபார்ப்பு எண். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மதிப்பும் ஒரு பெருக்கெண்ணும் உண்டு. பெருக்கிக் கூட்டி 11ஆல் வகுத்தால் வரும் மீதிதான் ஒன்பதாம் இடத்தில் இருக்க வேண்டும். மீதி 10 என்றால் அங்கே எக்ஸ். யாராவது வாய்க்கு வந்த எண்ணை அடித்திருந்தால் இந்தக் கணக்கு பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

பெரும்பாலும்தான். 17 இடத்திலும் 1 என்று எழுதிப் பாருங்கள். கூட்டுத்தொகை 89, 11ஆல் வகுத்தால் மீதி 1, ஒன்பதாம் இடத்திலும் 1. கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது. அப்படி ஒரு வண்டி உலகில் கிடையாது. வேறொரு வண்டியின் உண்மையான எண்ணைத் திருடி அடித்தாலும் கணக்கு பொருந்தத்தான் செய்யும். எண் சரியாக இருப்பது வேறு, அந்த எண் இந்த வண்டியுடையதாக இருப்பது வேறு.

அன்று இரவு

என் பட்டறையில் உட்கார்ந்து நெடுநேரம் பேசினோம். முதலில் அவன் கேட்டது, "ஒண்ணும் தெரியாத மாதிரி வித்துடலாமாண்ணே?" கோபத்தில் கேட்டான். கொஞ்ச நேரம் கழித்து அவனே, "வேண்டாம், எனக்கு நடந்ததை நானே இன்னொருத்தனுக்குப் பண்ணின மாதிரி ஆகிடும்" என்றான். அவன் அப்படிச் சொன்னது எனக்குப் பெரிய விஷயம். அவன் வாங்கிய அன்று அவனுக்குத் தெரியாது. இனி விற்றால் தெரிந்தே விற்பது. பல நாடுகளில் நம்பர் அழித்த வண்டி என்று தெரிந்து வைத்திருப்பதே குற்றம்.

விற்றவருக்கு போன் போட்டோம். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுநாள் அந்த எண்ணே இல்லை. பணம் ரொக்கமாகக் கொடுத்தது. விற்பனைக் கடிதத்தில் ஒரு கையெழுத்து மட்டும் இருந்தது. அடையாள அட்டையின் நகல் இல்லை, முகவரி இல்லை.

காவல் நிலையத்துக்குப் போகும் முன்பு அவனிடம் நடந்ததை எழுத வைத்தேன். விளம்பரத்தின் படம், பேசிய செய்திகள், பணம் எடுத்த வங்கிச் சீட்டு, நான் எடுத்த புகைப்படங்கள், எல்லாவற்றையும் தேதி வரிசையில் வைத்தோம். பட்டியை நான் சுரண்டவில்லை. சுரண்டிப் பார்க்கக் கை பரபரத்தது, மறைக்கவில்லை. ஆனால் அதற்கு அடியில் இருப்பது சாட்சியம். அதைத் தொட வேண்டியவர்கள் வேறு.

அழித்த எண் திரும்பி வந்த விதம்

தடயவியல் பரிசோதனையின்போது உடனிருக்க எனக்கு அனுமதி கிடைத்தது, வண்டியின் மாடலை அடையாளம் சொல்பவன் என்ற முறையில்.

எஃகில் ஒரு எண்ணை அடிக்கும்போது மேலே தெரியும் பள்ளம் மட்டும் உண்டாவதில்லை. பள்ளத்துக்குக் கீழே இருக்கும் உலோகமும் நசுங்கி இறுகுகிறது. பள்ளம் முழுவதையும் ராவி எடுத்தாலும் அந்த இறுகிய பகுதி கொஞ்ச ஆழத்துக்கு மிஞ்சும். சரியான அமிலக் கரைசலைத் தடவினால் இறுகிய இடமும் சாதாரண இடமும் ஒரே வேகத்தில் அரிபடுவதில்லை. அந்த வேறுபாட்டில் எண்ணின் நிழல் எழும்பும். எஃகுக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் செப்புக் குளோரைடு கலந்த கரைசல்; அலுமினியத்துக்கு வேறு.

பரிசோதகர் பட்டியைக் கரைத்து, தட்டையான இடத்தைக் கண்ணாடி போல் மெருகேற்றினார். பஞ்சில் கரைசலைத் தொட்டு ஒரே திசையில் மெதுவாகத் தடவினார். பல நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு மூச்சுக்காற்றுப் பட்ட கண்ணாடியில் விரலால் எழுதியது போல ஒரு கோடு வந்தது. அடுத்து ஒரு சாய்கோடு. கே என்ற எழுத்து. அவர் பேசாமல் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். நிழல் வந்து சில நொடிகளில் மங்கிவிடும், மறுபடி வர வேண்டும் என்று கட்டாயமில்லை. அடுத்த எழுத்து டி. ஐந்து எண்களில் நான்கு தெரிந்தன. ஒன்று கிரைண்டர் ஆழமாகத் தின்ற இடத்தில் இருந்தது, அது வரவே இல்லை.

கே என்றால் செப்டம்பர், டி என்றால் 1970 வரிசை. அந்த வரிசை முந்தைய ஆகஸ்டிலேயே தொடங்கிவிடும். ஆகவே 1969 செப்டம்பரில் தொழிற்சாலையை விட்டு வந்த வண்டி. பத்திரம் சொன்ன 1965க்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கிராங்க் கேஸில் ஒன்றும் தேறவில்லை.

தெரியாத ஒரு எண்ணுக்கு 0 முதல் 9 வரை பத்து வாய்ப்புகள். பத்தையும் பழைய திருட்டுப் புகார்களில் தேடினார்கள். ஒன்று பொருந்தியது, பல வருடங்களுக்கு முந்தைய புகார். புகார் கொடுத்தவர் உயிரோடு இருந்தார். திருட்டுக்குக் காப்பீடு எடுக்காதவர். எடுத்து, பணமும் வாங்கியிருந்தால் வண்டியின் உரிமை காப்பீட்டு நிறுவனத்துக்குப் போயிருக்கும். இந்த வழக்கில் அவருடையதாகவே இருந்தது.

பத்திரத்தின் கதை தனி. அதில் முதல் பெயராக இருந்தவரின் மகனைக் காவல்துறை கண்டுபிடித்தது. அந்த 1965 வண்டி கொட்டகைத் தீயில் எரிந்து போயிருக்கிறது. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். இன்ஜின் கட்டியாகிப் போனது. மிஞ்சியதை எடைக்குப் போட்டபோது, "பத்திரமும் இருந்தா குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள். அவரும் யோசிக்காமல் கொடுத்திருக்கிறார். பதிவை ரத்து செய்யவில்லை. இறந்த வண்டியின் பத்திரத்துக்கு ஒரு திருட்டு வண்டியை உடலாகக் கொடுத்திருக்கிறார்கள். இந்த வழக்கில் எனக்கு அதிகம் வலித்த இடம் இதுதான். கெட்ட எண்ணம் துளியும் இல்லாத ஒருவர், ஒரு விண்ணப்பத்தை எழுதிப் போடாமல் விட்டதில்தான் மற்றதெல்லாம் தொடங்கியது.

பணம் கொடுத்தும் சொந்தமில்லை

"நான் காசு குடுத்து வாங்கினேன், நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று தம்பி வழக்கறிஞரிடம் கேட்டான். தப்பு எதுவும் இல்லை என்றார் அவர்; ஆனாலும் வண்டி உன்னுடையது இல்லை என்றார். பிரிட்டிஷ் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் ஒரு பழைய கோட்பாடு உண்டு: தன்னிடம் இல்லாததை யாராலும் கொடுக்க முடியாது. திருடனிடம் உரிமை இல்லை. அவனிடம் வாங்கியவரிடமும் இல்லை. எத்தனை கை மாறினாலும் இல்லை. இங்கிலாந்தில் இதற்கு நூற்றாண்டுகளாக ஒரு விலக்கு இருந்தது. பகல் வெளிச்சத்தில், முறையான திறந்த சந்தையில், நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு உரிமை போய்ச் சேரும். அதையும் 1995 ஜனவரியில் நீக்கிவிட்டார்கள்.

பத்திரம் என்றால் என்ன என்பதிலும் நாட்டுக்கு நாடு குழப்பம். அமெரிக்காவில் டைட்டில் என்பது உரிமைப் பத்திரமே. பிரிட்டனில் பதிவுப் புத்தகத்திலேயே 'இது உரிமைக்கான சான்று அல்ல' என்று அச்சிட்டிருக்கும். வண்டிக்குப் பொறுப்பானவர் யார் என்பதைத்தான் அது காட்டுகிறது. கையில் இருப்பது எந்த வகை என்று தெரியாமல் அதை நெஞ்சோடு அணைத்துக்கொள்வதில் பயனில்லை.

தம்பிக்கு விற்றவர்மீது வழக்குப் போட உரிமை உண்டு. விற்றவர்தான் கிடைக்கவில்லை. இதை எழுதும் நாள்வரை கிடைக்கவில்லை.

நான் இப்போது வாங்குகிறவர்களோடு கூடப் போனால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே விடுவதில்லை, சத்தம் கேட்டால் மனசு போய்விடும். முதலில் டார்ச், காந்தம். நம்பரைப் பார்த்து என் கையால் எழுதுவேன், அதன் பிறகுதான் பத்திரத்தைக் கேட்பேன். இரும்பிலிருந்து எழுதிய எண்ணைத்தான் திருட்டுப் பட்டியலில் தேட வேண்டும். பத்திரத்தில் பெயர் உள்ளவர் நேரில் வரட்டும், இல்லையென்றால் அவரோடு பேசிவிட்டு வாங்குவோம். பெயிண்ட் கெட்டுப்போகும் என்றால், கெட்டுப்போனதுக்கு நான் அடித்துத் தருகிறேன் என்பேன். நேர்மையான ஆள் ஒருவரும் இதுவரை மறுத்ததில்லை.

கோன்செட்

ஏழாம் மாதம் வண்டியை உரிமையாளரிடம் ஒப்படைக்க உத்தரவு வந்தது. பெரியவர் வந்தார். காவல் நிலைய முற்றத்தில் வண்டியைச் சுற்றி வந்தவர், சீட்டைத் தூக்கச் சொல்லி, பின்பக்கக் குழாயின் அடியில் விரலால் தடவினார். பித்தளையை உருக்கிப் பற்றவைத்த ஒட்டு ஒன்று, கடுகு அளவு வழிந்து நின்றது. "இது நான் வெச்சது. கை நடுங்கி வழிஞ்சிடுச்சு" என்றார். பிறகு தம்பியைப் பார்த்து, "டயர் புதுசா இருக்கே, நீ போட்டதாப்பா?" என்று கேட்டார். தம்பி தலையசைத்தான். டயருக்கும் பேட்டரிக்கும் ஆன காசை அங்கேயே எண்ணிக் கொடுத்தார். தம்பி வேண்டாம் என்றான். அவர் விடவில்லை.

அழித்த இடத்துக்குப் பக்கத்திலேயே அதிகாரிகள் மேற்பார்வையில் பழைய எண்ணை மறுபடி அடித்தார்கள். கிராங்க் கேஸுக்குப் புதிய எண் ஒன்றை ஒதுக்கினார்கள். அதற்கு ஆதாரமான கடிதம் இப்போது வண்டியின் பத்திரங்களோடு இருக்கிறது.

மறுவாரம் பெரியவர் வண்டியை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். ஹேண்டில் நடுவில் ஒரு இடத்தில் பிடிக்கிறதாம். தம்பிக்குச் சொல்லியனுப்பினேன், வருவான் என்று நினைக்கவில்லை. வந்தான். நான் ஃபோர்க்கை இறக்க, அவன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான். பழைய கிண்ணத்தைத் தட்டி எடுத்துப் பார்த்தோம். குண்டுகள் ஒரே இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து சின்னச் சின்னக் குழி போட்டிருந்தன. புதுக் கிண்ணத்தில் கிரீஸ் வைத்துக் குண்டுகளை ஒவ்வொன்றாக அவன்தான் அடுக்கினான்.